மறுமொழி: கடற்பறவைகளின் ‘காலனி’க்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடற்பறவைகள் திரளாகக் கூடி முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் இடத்தை ஆங்கிலத்தில் ‘காலனி’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘குடியேற்றம்’, ‘கூட்டுத்தொகுதி’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

குடியேற்றம் என்றால் புதிதாக ஓரிடத்துக்குப் போய்த் தங்குவது. அந்தச் சொல் வேறு வேலைக்கு வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் கடலோரத்தில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற தீவில் வேட்டையால் அற்றுப்போன பஃபின் என்ற கடற்பறவைகளை மீட்க, 1973 முதல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். பறவைகள் திரும்பி வர, பஃபின் வடிவ மரப்பொம்மைகளை நட்டு ஆசைகாட்டினார்கள். 1981இல் அவை அங்கே முட்டையிட்டன. மீள்குடியேற்றம் என்றால் அதுதான்.

‘கூட்டுத்தொகுதி’யில் சிக்கல் இன்னும் பெரிது. எம்பெரர் பெங்குயினுக்குக் கூடே கிடையாது. உறைந்த கடல்மேல் நின்றபடி, ஒற்றை முட்டையைப் பாதத்தின்மேல் ஏந்தி, வயிற்றுத்தோல் மடிப்பால் போர்த்தி அடைகாக்கும். புயல் பெட்ரல்கள் என்ற சிறு கடற்பறவைகளோ பெரும்பாலும் வளைக்குள் முட்டையிட்டு, இருட்டில் மட்டும் கரைக்கு வரும். நியூசிலாந்துப் புயல் பெட்ரலை அழிந்துபோன இனம் என்றே நினைத்திருந்தார்கள். 2003இல் கடலில் மறுபடி தென்பட்டது. ஆனால் அது முட்டையிடும் இடம் லிட்டில் பேரியர் தீவின் காட்டுக்குள் இருக்கிறது என்பது, பிடித்த பறவைகளுக்கு ரேடியோ கருவி பொருத்தித் தேடிய பிறகு, 2013இல்தான் தெரிந்தது.

என் பரிந்துரை ‘ஈனில்திரள்’. சூல் முதிர்ந்த பேடைக்காகக் குருவிச் சேவல் அமைப்பதை ‘ஈனில்’ என்கிறது குறுந்தொகை 85. ஈனில் என்றால் ஈனும் இல்; அது கூடோ, வளையோ, வெறும் பனித்தரையோ, எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். தனியாக நின்றால் ‘ஈன்றால்’ என்று படிக்க இடமுண்டு, சரி. திரளோடு சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது. இரவில் தங்க மட்டும் வரும் இடம் ‘அடைவிடம்’; இரண்டையும் கலக்க வேண்டாம்.

அப்புறம், ஈனில்திரளில் பறவைகளின் எச்சம் படிந்து செயற்கைக்கோள் படத்தில் தெரியும் தடத்துக்கு ‘எச்சக்கறை’ போதும். ஆங்கிலத்தில் அதற்கும் வழங்கும் ‘குவானோ’ என்ற சொல், பறவை எச்ச உரத்துக்கே இருக்கட்டும். அண்டார்க்டிகாவின் டேஞ்சர் தீவுகளில் அத்தனை அடேலி பெங்குயின்கள் இருப்பது லாண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த எச்சக்கறையால்தான் பிடிபட்டது. இறால் போன்ற கிரில் என்ற சிற்றுயிரைத் தின்பதால் எச்சத்துக்கு இளஞ்சிவப்பு நிறம். பாறையில் தனியாகத் தெரியும். 2015இல் நேரில் போய், ட்ரோன் படங்களையும் வைத்து எண்ணியதில் 7,51,527 இணைகள்!

பல இனங்கள் கலந்து முட்டையிடும் தீவுகளும் உண்டு. அங்கே ‘கலப்பு ஈனில்திரள்’ என்பதா, இனத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே எண்ணுவதா? பறவையியல் தெரிந்தவர்கள் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.