அறுபதுகளின் படங்களும் எங்கள் வளவும்

"பழைய படம் ஏதாவது சொல்லேன், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி" என்று கேட்பவர்களுக்காக நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். எல்லாம் 1960களில் வந்தவை, முப்பது பெயர் இருக்கும். கேட்ட உடனே வாட்ஸப்பில் தட்டிவிடுவேன். "சூப்பர்" என்று பதில் வரும். அதோடு சரி. ஒருத்தராவது பார்த்துவிட்டு வந்து பேசியதில்லை. தப்பு என் பட்டியலில்தான் என்று போன தை மாதம்தான் புரிந்தது. புரிய வைத்தது எங்கள் அயித்தை.

பள்ளத்தூரில் எங்கள் பெரிய அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் மட்டும் திறக்கிற வீடு. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடப்பவர்கள் நாலு நாள் ஒன்றாக இருக்கப் போகிறோம், இரவில் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், படம் போடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். காரைக்குடியில் ஒரு புரொஜக்டரை வாடகைக்கு எடுத்தோம். திரை எதற்கு, சுவர் இருக்கிறதே என்று சுவரில் அடித்துப் பார்த்தால் கண் கூசுகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவர். நூறு வருஷம் ஆகியும் முகம் பார்க்கலாம் போல மின்னும். அப்புறம் ஐயாவின் பெட்டியில் இருந்த எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து, இரண்டு தூணுக்கு நடுவில் இழுத்துக் கட்டினோம்.

முதல் நாள் ராத்திரி என் தேர்வு, கர்ணன் (1964). பந்துலு எடுத்த படம். 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்டபோதுகூட நூறு நாள் தாண்டி ஓடிய படம், எங்கள் வளவில் ஓடாதா என்று ஒரு தைரியம். ஓடவில்லை. கல்தரை, கல்தூண், நாலு பக்கமும் வழுவழுப்பான சுவர். சிவாஜி ஒரு வசனம் சொன்னால் அது இரண்டாம் கட்டு வரை போய்த் திரும்பி வந்து அடுத்த வசனத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. என்.டி.ராமாராவ் கிருஷ்ணராகச் சிரித்தபோது பெண்பிள்ளைகள் எழுந்து போய்ச் சீடை டப்பாவைத் திறந்துகொண்டார்கள். பிள்ளைகள் பட்டாலையில் செல்போனோடு சாய்ந்துவிட்டார்கள். மூன்று மணி நேரப் படம். போர்க்களம் வந்தபோது விழித்திருந்தது நானும், கொசுவர்த்தி மாற்ற வந்த சமையல்காரரும்.

காலையில் திண்ணையில் காபி குடிக்கும்போது அயித்தை ஆரம்பித்தார். வயது எழுபத்தெட்டு. காரைக்குடியில் எடுத்த 'நாம் இருவர்' வந்த 1947-இல் பிறந்தவர். அதையே ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார். ஏவி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்ததும், அடுத்த வருஷமே கோடம்பாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனதும் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "நம்ம ஊர்ச் சினிமாவைத்தானே மெட்ராஸ்காரன் வச்சிருக்கான்" என்பார். சினிமா வரலாறு தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். எங்கள் வீட்டில் அவரோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை.

"ஏப்பா, நல்ல படம்னு சொன்னா யாரு பார்ப்பாக? நல்ல படம்னா தூக்கந்தான் வரும். எந்த இடம் நல்லா இருக்கும்னு சொல்லணும்" என்றவர், பிள்ளைகளைக் கூப்பிட்டார். அக்காள் பேரன் பதினொரு வயது, அவனோடு இன்னும் நாலைந்து வால்கள். "ஒருத்தன் சினிமா எடுக்கப் போறேன்னு அப்பச்சிகிட்டே காசு கேட்கிறான். என்ன கதைன்னு அவுக கேட்கிறாக. பேய்க் கதை சொல்றான். பேயே வராது. கேட்கிறவுக மூஞ்சியைப் பார்த்தே நமக்கு வயிறு வலிக்கும்." அவ்வளவுதான். சொல்லிக்கொண்டே நாற்காலி நுனிக்கு வந்து, கண்ணை அகட்டி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அந்த அப்பச்சியாக நடித்த பாலையாவாகவே ஆகிவிட்டார். மாலை ஐந்து மணிக்கே பிள்ளைகள் புரொஜக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை, அதுவும் 1964தான். இந்த முறை தரை முழுக்க ஜமக்காளம் விரித்து, தூண்களில் போர்வை சுற்றினோம். எதிரொலி பாதி அடங்கியது. ஆட்கள் நிறைந்ததும் மீதியும் அடங்கியது. அந்தக் காட்சியை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் நாகேஷைப் பார்க்காமல் பாலையாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகனின் சினிமாப் பைத்தியத்தை மட்டம் தட்ட வந்த பணக்கார அப்பா, கதை நகர நகரப் பயந்த பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறார். நாகேஷ் வாயால் சத்தம் எழுப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று புதிதாக நடக்கிறது. பேய் இல்லை, பின்னணியில் ஒரு வேலையும் இல்லை, இரண்டு ஆட்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பதினொரு வயதுக்காரன் ஜமக்காளத்தில் உருண்டு உருண்டு சிரித்தான். "இன்னொரு தடவை" என்று கத்தினார்கள். இன்னொரு தடவை போட்டோம். முடிந்ததும் மூன்றாம் தடவை. ரவிச்சந்திரனும் ராஜஸ்ரீயும் பாடக் காத்திருந்தார்கள்.

அயித்தை கல்யாணமான புதிதில் இதை டூரிங் டாக்கீஸில் பார்த்தாராம். தரை டிக்கெட், மணலைக் குவித்து உட்காருவது, முன்னால் உயரமாகக் குவித்தவனோடு சண்டை. ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்ற இரண்டு மூன்று இடைவேளை. ஒரு இடைவேளைக்கு முறுக்கு, ஒன்றுக்கு சோடா என்று மாமா கணக்கு வைத்திருந்தாராம். அந்தக் கணக்கு இன்னும் அவருக்கு மனப்பாடம்.

மூன்றாம் நாள், விசேஷம் முடிந்த சாயங்காலம். நான் பாசமலர் (1961) என்றேன். அயித்தை என்னைப் பார்த்த பார்வை! "மங்கலம் நடந்த வீட்டில அண்ணனும் தங்கச்சியும் சாகிற படமா?" சரிதான். சாவித்திரியும் சிவாஜியும் சேர்ந்தால் யார் வீட்டிலும் கண் காயாது, ஆனால் அதற்கு என்று ஒரு நாள் இருக்கிறது. கேட்பவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன விசேஷம் என்று தெரியாமல் படம் சொல்லக் கூடாது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

போட்டது தில்லானா மோகனாம்பாள் (1968). பள்ளத்தூரில் அதற்குத் தனிக் காரணம் உண்டு. ஜில்ஜில் ரமாமணியாக வரும் மனோரமா வளர்ந்தது இதே ஊரில். நாடக மேடையில் பள்ளத்தூர் பாப்பா என்று பெயர் எடுத்து, கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கை (1958) வழியாகச் சினிமாவுக்குப் போனவர். பத்து வருஷம் கழித்து, படத்தில் நாடகக் கொட்டகை நடிகையாகவே வருகிறார். அவர் திரையில் வந்ததும் வளவில் கைதட்டல். தெருவில் போனவர்கள் முகப்பு வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழைவும் இழுவையுமான பேச்சை நடிப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேடைக்குப் பின்னால் நின்று பார்த்து எடுத்துக்கொண்ட ஒன்று அது. சிவாஜிக்காக நாகஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அன்று காலை எங்களுக்கு வாசித்த நாகஸ்வரக்காரர் ராத்தங்கியிருந்தார். படம் முழுக்க அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, தொடையில் விரல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, நாலாம் நாள், அயித்தையும் நானும் அக்காளும் மட்டும் மடிக்கணினியில் நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) பார்த்தோம். அயித்தை ஒதுக்கி வைத்திருந்த படம் இது. ஏறக்குறைய முழுக் கதையும் ஒரே ஆஸ்பத்திரிக்குள். கணவன் புற்றுநோயோடு படுத்திருக்கிறான், வைத்தியம் பார்க்கிற டாக்டர் மனைவியின் பழைய காதலன். நான் செத்தால் நீ அவரைக் கட்டிக்கொள் என்று கணவன் சொல்கிற இடத்தில், அதற்குப் பதிலாக தேவிகா பாடுகிற கண்ணதாசன் பாட்டு. வின்சென்ட்டின் காமிரா கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வரும். அக்காள், "இது எப்படி எடுத்தாக?" என்று பின்னால் தள்ளிப் பார்த்தார். அயித்தை எதுவும் சொல்லவில்லை. மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது. பாட்டு முடிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "ம், போடு" என்றார். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை.

அன்பே வா, எதிர்நீச்சல், திருவிளையாடல் எல்லாம் அப்படியே மிச்சம். சர்வர் சுந்தரத்தில் பாட்டு ஒலிப்பதிவாவதைக் காட்டும் இடத்தில் எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.எஸ்ஸும் நேரிலேயே வருவார்கள். அதை மட்டும் பிள்ளைகளுக்கு ரயிலில் காட்டலாம் என்று இறக்கி வைத்தேன்.

பல்லவன் ரயிலில் திரும்பும்போது அக்காள் பேரன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டே வந்தான். நான் செல்போனை எடுத்து சர்வர் சுந்தரத்தைத் தேட ஆரம்பித்தபோது கேட்டான்.

"ஐயா, நாகேஷ் சொன்னாரே அந்தப் பேய்ப் படம், அது அப்புறம் ரிலீஸ் ஆச்சா?"