மறு: பாலிஆக்சோமெட்டலேட்டுக்குத் தமிழ்ச்சொல் – ‘கொத்தயனி’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உதகையில் இரண்டு நாளாக விடாத மழை, கரண்டும் இல்லை. பாலிஆக்சோமெட்டலேட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் மடல்களை இன்றுதான் ஒருசேரப் படித்தேன்.

> ‘உலோக ஆக்சைடுக் கொத்து’ போதும். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். உலோக ஆக்சைடு என்றதும் துருவும், களிம்பில் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடுத் தூளும்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது, பல உலோக அணுக்களை ஆக்சிஜன் அணுக்கள் பிணைத்துக் கொத்தாக்கிய, எதிர்மின் சுமை உள்ள அயனிகளை. இத்தனை உலோக அணு, இத்தனை ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

நான் வேலை செய்வது மண் பரிசோதனைக் கூடத்தில். நீலகிரி மண் அமில மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பிடித்து வைத்துக்கொள்ளும். கேரட், உருளை போடுகிறவர்கள் மண்ணைக் கொண்டுவந்தால், அதிலிருந்து பிரித்த கரைசலில் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் ஊற்றி, ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுக்கும்) பொருளைச் சேர்ப்போம். நீலம் எழும்பும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மணிச்சத்து. அந்த நீலமே ஒரு பாலிஆக்சோமெட்டலேட்தான்: நடுவில் ஒரு பாஸ்பேட், சுற்றிலும் 12 மாலிப்டினம், மொத்தம் 40 ஆக்சிஜன். இதன் ஒடுக்கப்படாத மஞ்சள் வடிவத்தை சுவீடன் வேதியியலர் பெர்சீலியஸ் 1826-லேயே கண்டார். உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் தெரிய 1933 ஆயிற்று. கெக்கின் என்பவர் டங்ஸ்டன் சேர்மத்தில் எக்ஸ் கதிர் கொண்டு அதைக் கண்டறிந்தார்.

எனக்கு இது மலைப்பூண்டைப் போலத் தெரியும். நடுத்தண்டைச் சுற்றிப் பல் பல்லாக ஒட்டி நிற்கிறதே, அப்படி. ஒரு வித்தியாசம், பூண்டில் பல்லுக்குப் பல் தனித்தோல். இங்கே பக்கத்துப் பல்லோடு ஆக்சிஜனைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ‘கொத்து’ என்பதற்குப் பதில் ‘திரள்’ வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். திரளுக்கு எண்ணிக்கை கிடையாது.

> ‘பல்லாக்சோவுலோகவேற்று’ என்பதே முறையான ஆக்கம்.

இலக்கணத்தில் குறை காணவில்லை அம்மா. இலங்கைப் பாடநூல் மரபில் ஆங்கில ‘-ate’ ஈற்றுக்கு ‘ஏற்று’ எவ்வளவு ஒழுங்காக வருகிறது என்பதும் தெரியும். ஆனால் என் கூடத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளால் இதை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, நேற்று சொல்லச் சொல்லிப் பார்த்தேன். தவிர, ‘பல்’ என்று தொடங்கினால் பல்லுறுப்பியோடு (பாலிமர்) குழப்பிக்கொள்கிறார்கள்.

> ‘புற்றெதிர் உலோகக்கொத்து’ என்றால் பயனும் தெரியுமே.

இதை மட்டும் ஏற்கவே மாட்டேன். எங்கள் அத்தையைப் புற்றுநோய்க்காக மாதாமாதம் கோவைக்கு மலையிறக்கிக் கூட்டிப்போனவன் நான். ‘புற்றை அழிக்கும்’ என்று பெயரிலேயே எழுதிய ஒரு பொடியை யாரோ சொல்லக் கேட்டு வாங்கி, ஒரு தவணை சிகிச்சையைத் தள்ளிப்போட்டோம். பெயர் அந்த அளவுக்கு வேலை செய்யும்.

இந்தச் சேர்மங்களின் நிலை என்ன? என் அலமாரியிலுள்ள மாலிப்டேட் புட்டியில் இருப்பது 7 மாலிப்டினமும் 24 ஆக்சிஜனும் கொண்ட அயனி. அதே அயனியின் வேறொரு உப்பை ஜப்பானில் யமாசே குழுவினர் 1980-களின் பிற்பகுதியில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகளின் வளர்ச்சி குறைந்தது. செல்லுக்குள் எலக்ட்ரானை வாங்குவதும் கொடுப்பதுமாக அது செல்லைக் குலைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வேறு சில, தம் எதிர்மின் சுமையால் நொதிகளின் நேர்மின் பகுதிகளில் போய் ஒட்டி அவற்றை முடக்குகின்றன.

ஆனால் இன்றுவரை இவற்றில் ஒன்றுகூடப் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெறவில்லை. நச்சுத்தன்மை ஒரு தடை. ஆன்டிமனியும் டங்ஸ்டனும் சேர்ந்த எச்பிஏ-23 என்பதை 1980-களில் பாரிஸில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தன, அதைக் கைவிட நேர்ந்தது. இன்னொரு தடை எனக்குக் கைப்பழக்கத்திலேயே தெரிந்தது: அமிலம் குறைந்தால் நீலம் சரியாக வராது. அந்த நீலக் கொத்து அமிலத்தில்தான் நிற்கும். இரத்தத்தின் அமிலகாரக் குறியீடு (pH) 7.4, அதாவது அமிலமல்ல; அங்கே பல கொத்துகள் உரித்த பூண்டாகப் பிரிந்துவிடும். அதனால்தான் கைட்டோசன் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது), லிப்போசோம் (நுண்ணிய கொழுப்புக் குமிழ்) போன்ற உறைகளில் பொதிந்து அனுப்பிப் பார்க்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு ‘ஆக்சோவுலோகக் கொத்தயனி’, சுருக்கமாகக் ‘கொத்தயனி’. அயனி என்பதை விடக் கூடாது, நொதியில் ஒட்டவைப்பதே அந்த மின்சுமைதான். ஒரே உலோகமும் ஆக்சிஜனும் மட்டும் என்றால் ‘தனிக் கொத்தயனி’ (ஏழு மாலிப்டினத்தது). நடுவில் பாஸ்பரஸ் போல வேற்றணு இருந்தால் ‘கலப்புக் கொத்தயனி’ என்று எழுதியிருந்தேன். இப்போது யோசித்தால் ‘கலப்பு’ கலவையை நினைவூட்டுகிறது. ‘நடுவணுக் கொத்தயனி’ நன்றாக இருக்கிறது, ஆனால் வேற்றணு எல்லாவற்றிலும் நடுவில்தான் இருக்குமா? கனிம வேதியியல் படித்தவர்கள் இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உதகையிலிருந்து