நிக்கல் ஏற்றிய பெண்டோனைட் கரியாகிறது, அவசர உதவி

டர்பன்_கயல்: ஹெப்டேனை (ஏழு கார்பன் உள்ள பெட்ரோலியத் திரவம்) சின்ன மூலக்கூறுகளாக உடைக்க, தென்னாப்பிரிக்காவின் கோப்பீஸில் எடுத்த பெண்டோனைட் களிமண்ணில் நிக்கல் ஏற்றி வினையூக்கியாகப் போட்டேன், முதலில் நன்றாக ஓடியது, அப்புறம் தூள் கருத்து ஹெப்டேன் அப்படியே வெளியே வருகிறது. வியாழக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்!

சரவணன்_பீனிக்ஸ்: எத்தனை டிகிரி? ஹைட்ரஜன் விட்டீர்களா? நிக்கலை எப்படி ஏற்றினீர்கள்?

மண்வெட்டி: கந்தகம்தான். நிக்கலுக்கு அது எமன், ஹெப்டேனை மாற்றுங்கள்.

டர்பன்_கயல்: நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து 550 டிகிரியில் கால்சைன் செய்து (காற்றில் சுட்டு), ஹைட்ரஜனில் ரிடியூஸ் செய்து நிக்கலை உலோகமாக்கினேன். ஓட்டம் 400இல், நைட்ரஜன் மட்டும். ஹெப்டேன் சுத்தமானதுதான் அண்ணா.

பேராசான்: இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே தங்கச்சி. பெண்டோனைட்டின் முக்கியக் கனிமமான மான்ட்மோரில்லோனைட்டின் அடுக்குகளை விரித்துப் பிடிப்பது நடுவில் இருக்கும் தண்ணீர். 550இல் அது போய்விட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், ஹெப்டேன் எங்கே நுழையும்? அடிப்படைப் பாடம் இது.

வசந்தி_அக்கா: விஷயம் சரி, அதைக் கொஞ்சம் அன்பாகவே சொல்லலாம். கயல், வெளிவரும் வாயுக்களைப் பிரித்துக் காட்டும் ஜிசியைப் பாரம்மா. மூன்று, நான்கு கார்பன் வாயுக்கள் மிகுந்தால் களிமண்ணின் அமிலம் உடைக்கிறது. மீத்தேனும் ஹைட்ரஜனும் குவிந்தால் வெளிப்பரப்பில் கிடக்கிற நிக்கல் உலோகத்தின் வேலை. ஹைட்ரஜன் விடாமல் ஓட்டினால் அதன்மேல் கரி படியத்தான் செய்யும். அடுக்கு தூரத்தை அளக்க எக்ஸ்ஆர்டியும் (எக்ஸ் கதிர் சோதனை) எடு.

மண்வெட்டி: களிமண்ணே எதற்கு? 1960களிலேயே எண்ணெய் ஆலைகள் ஜியோலைட்டுக்கு (நுண்துளைகள் உள்ள படிக வினையூக்கி) மாறிவிட்டன.

பேராசான்: 1937இல் பென்சில்வேனியாவில் ஊட்ரியின் எண்ணெய் உடைக்கும் முறை பெரிய ஆலையாக ஓடியது அமிலத்தில் பதப்படுத்திய களிமண்ணை வைத்துத்தான்.

மண்வெட்டி: ஓடியது, பிறகு ஏன் விட்டார்கள்?

சரவணன்_பீனிக்ஸ்: ஒய் ஜியோலைட்டின் வாசல் 0.74 நானோமீட்டர்தான், கனமான எண்ணெயின் பெரிய மூலக்கூறுகள் உள்ளே போகாது. அடுக்குகளுக்கு நடுவே அலுமினிய ஆக்சைடைத் தூண் போல வைத்த களிமண்ணில் அடுக்கு தூரம் (ஓர் அடுக்கின் தடிமனும் சேர்த்து) 1.8 நானோமீட்டர் வரை வரும்.

மண்வெட்டி: கரியை எரித்தெடுக்கும்போது வரும் நீராவியில் அந்தத் தூண்கள் சரிந்துவிடும், அதனால்தான் ஆலைக்குள் வரவில்லை. சும்மா வாதாடாதீர்கள்.

வசந்தி_அக்கா: இருவரும் தனி இழையில் பேசுங்கள், அந்தப் பெண்ணுக்கு வியாழக்கிழமை கெடு. கயல், முதலில் தூண் வைத்துச் சுடு, பிறகு நிக்கலைக் குறைவாக ஏற்று, ஹைட்ரஜனோடு ஓட்டு.

டர்பன்_கயல்: அடுக்கு தூரம் 0.97 நானோமீட்டர்தான், அடுக்குகள் ஒட்டிவிட்டன. வாயுவில் மீத்தேனும் ஹைட்ரஜனும்தான். தூண் வைக்கத் தொடங்கிவிட்டேன், நன்றி அக்கா.

சரவணன்_பீனிக்ஸ்: நிக்கல் எத்தனை சதவீதம் ஏற்றியிருந்தீர்கள்? அதை இன்னும் சொல்லவில்லையே.