என்பிஏ அங்கீகாரம் உள்ள டிப்ளமோ டப்ளின் ஒப்பந்தத்தில் வருமா?

வெர்னியர்:
ஐடிஐ ஃபிட்டர், பிறகு லேட்டரல் என்ட்ரியில் (நேராக இரண்டாமாண்டு) தமிழ்நாட்டு பாலிடெக்னிக் ஒன்றில் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஆறு வருடமாக பம்ப், கம்ப்ரசர் பராமரிப்பு வேலை. ஆஸ்திரேலியாவுக்கு இன்ஜினியரிங் அசோசியேட் மதிப்பீட்டுக்குப் போட நினைக்கிறேன். படித்த பிரிவுக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தது. "என்பிஏ இருந்தால் டப்ளின் அக்கார்டு, சிடிஆர் (திறன் விளக்க அறிக்கை) எழுத வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

கப்ளிங்:
இல்லை. நாடுகள் ஒன்றன் படிப்பை மற்றொன்று ஏற்கும் மூன்று ஒப்பந்தங்களைப் போட்டுக் குழப்புகிறார். 1989-இல் வந்த வாஷிங்டன் ஒப்பந்தம் நான்காண்டு பி.இ. படிப்புக்கு. 2001-இன் சிட்னி ஒப்பந்தம் டெக்னாலஜிஸ்ட் படிப்புக்கு. 2002-இன் டப்ளின் ஒப்பந்தம்தான் டெக்னீஷியன் படிப்புக்கு. அதைத் தொடங்கியவை பிரிட்டன், அயர்லாந்து, கனடா, தென்னாப்பிரிக்கா. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கொரியா எல்லாம் 2013-இல் சேர்ந்தன, மலேசியா 2018-இல்.

நம் என்பிஏ 2014-இல் சேர்ந்தது வாஷிங்டனில். அதிலும் டயர்-1 (தன்னாட்சி) கல்லூரிகளின் பி.இ. பிரிவுகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை. பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு என்பிஏ கொடுக்கும் அங்கீகாரம் உள்நாட்டில் மதிப்புள்ளதுதான், ஆனால் டப்ளின் வழியாகக் கடல் தாண்டாது. ஆக, பொறியியல் மதிப்பீட்டு அமைப்பான இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம் போனால் சிடிஆர் எழுதியே ஆக வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஒப்பந்தம் அங்கீகரிப்பது படிப்பை, ஆளை அல்ல. டப்ளின் நாட்டிலேயே படித்தவருக்கும் வேலை உரிமமோ விசாவோ அதனால் தானாக வராது.

ஷிம்பிளேட்:
சிடிஆர் ஆரம்பிக்கும் முன் தொழில் குறியீட்டைப் பாருங்கள் தம்பி. பணம் போவது இங்கேதான். இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம் அசோசியேட் நிலையில் மெக்கானிக்கலுக்கு இருப்பது 312511, அதாவது டிராஃப்ட்ஸ்பெர்சன். மெக்கானிக்கல் டெக்னீஷியன் 312512-ஐ மதிப்பிடுவது டிஆர்ஏ, அதாவது டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா. வேலை முழுக்கப் பராமரிப்பு என்றால் டிஆர்ஏ பக்கம்தான் பொருந்தும். படம் வரைந்து, அளவு கணக்கிட்டுப் பாகம் மாற்றிய வேலை கணிசமாக இருந்தால் மட்டும் 312511-க்கு முயலுங்கள்.

முயல்வதானால் சிடிஆரில் மூன்று கேரியர் எபிசோட் (செய்த வேலையின் விவரிப்பு), ஒவ்வொன்றும் 1000 முதல் 2500 ஆங்கிலச் சொற்கள். பத்திகளுக்கு 1.1, 1.2 என்று எண் கட்டாயம். சம்மரி ஸ்டேட்மென்டில் (திறன்களைத் தொகுக்கும் தாள்) அந்த எண்களைத்தான் சுட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஒவ்வொரு பிரிவிலும் 6.

பெரும்பாலோர் சறுக்குவது 'நாங்கள்' என்று எழுதுவதில். "எங்கள் குழு பம்பைச் சரிசெய்தது" என்பதற்கு மதிப்பே இல்லை. இப்படி இருக்க வேண்டும்: "கப்ளிங் ரப்பர் அடிக்கடி தேய்ந்தது. டிஸ்சார்ஜ் ஃபிளாஞ்ச் போல்ட்டைத் தளர்த்தியபோது கப்ளிங்கில் வைத்த டயல் கேஜ் 0.20 மிமீ நகர்ந்தது; அனுமதி 0.05. அலைன்மென்ட் பிழை அல்ல, குழாய் இழுக்கிறது என்று முடிவெடுத்தேன். குழாய்க்குப் புது சப்போர்ட் வரைந்து, எடையைக் கணக்கிட்டு, மறுபடி அளந்தேன்." அளவு, முடிவு, காரணம் மூன்றும் உங்களுடையதாகத் தெரிகிறது பாருங்கள். டப்ளின் நிலையில் எதிர்பார்ப்பது தெளிவாக வரையறுத்த சிக்கலைத் தெரிந்த முறையால் தீர்ப்பதுதான். பி.இ. ஆள் மாதிரி காட்ட வேண்டாம், அது எதிராகவே போகும். விலைக்கு வாங்கிய சிடிஆர் ஒப்பீட்டு மென்பொருளில் மாட்டும், மாட்டினால் தடை.

வெர்னியர்:
நன்றி அண்ணா. என்னிடம் மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் மார்க் ஷீட் இருக்கிறது. அது பிரச்சினையா?

கிண்டி_ரயிலடி:
விளக்காமல் விட்டால் பிரச்சினைதான். டப்ளின் நாடுகளில் அளவுகோல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு சுமார் இரண்டாண்டு. நம்முடையது பத்துக்குப் பிறகு மூன்றாண்டு. முதலாண்டு கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், வரைபடம் என்றே போகும். தொழில்நுட்பப் பாடங்கள் பின்னிரண்டு ஆண்டில்தான், அவை உங்களிடம் இருக்கின்றன. ஆனால் நான்கு செமஸ்டரை மட்டும் பார்ப்பவர் பாதியில் ஏதோ தொலைந்தது என்று நினைப்பார். ஐடிஐ முடித்ததற்கான என்டிசி சான்றிதழைச் சேர்த்து, லேட்டரல் என்ட்ரி என்று கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். டிரான்ஸ்கிரிப்ட் கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலிருந்து வர வேண்டும். கல்லூரியே அடித்துத் தரும் தாளை நம்ப வேண்டாம்.

பெயர் அடுத்த தொல்லை. மார்க் ஷீட்டில் 'க. முருகன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேம் கட்டத்தில் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று முதலிலேயே இணையுங்கள். இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு அசலின் கலர் ஸ்கேன் போதும். அமீரகத்துக்கும் போடுகிறீர்கள் என்றால் கதை வேறு: அது அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (சான்றிதழை ஒரே முத்திரையில் ஏற்பது) இல்லை, மாநில அட்டெஸ்டேஷன், வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும்.

கப்ளிங்:
பிரிட்டன் பக்கமும் பாருங்கள். இன்ஜினியரிங் கவுன்சிலின் இங்டெக் (இன்ஜினியரிங் டெக்னீஷியன்) பதிவுக்கு டப்ளின் டிப்ளமோ கட்டாயமில்லை, திறனைத் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள். விண்ணப்பம் ஐமெக்இ அல்லது ஐஇடி என்ற பொறியாளர் சங்கம் வழியாக. விசாவுக்கு உதவாது. ஆனால் மேலே சொன்ன டயல் கேஜ் பத்தி அங்கேயும் அப்படியே செல்லும்.