ஓட்டு ஏப்ரல்ல, துப்பாக்கி ஜூன்ல

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்
12 ஜூன் 2024

பழனிச்சாமி பெரியப்பா: தேர்தலுக்குன்னு போலீஸ் ஸ்டேசன்ல வாங்கி வெச்ச லைசென்ஸ் துப்பாக்கியத் திருப்பிக் குடுக்கறாங்களாமா. மார்ச்ல குடுத்த ரசீது பீரோவுல காணோம். ஆராச்சும் பாத்தீங்களா?

செந்தில்: நீங்கதானுங்ப்பா சட்டைப்பையில வெச்சீங்க. அம்மா தொவச்சிருக்கும்.

சரசு பெரியம்மா: பாக்கெட்டப் பாக்காம ஒரு நாளும் தொவச்சதில்ல. சும்மா என்னையச் சொல்லாத.

பழனிச்சாமி பெரியப்பா: ரிசல்ட் வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான்னு ரைட்டர் சொல்லிட்டாரு. நாம ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. வடக்க ஜூன் 1 வரைக்கும் போட்டாங்க, அதுக்கு என்ற துப்பாக்கி எதுக்கு அங்க கெடக்கோணும்? மரவள்ளி ஒரு ஏக்கராவப் பன்னி நோண்டிப் போட்டுருச்சு. பட்டாசு வெச்சா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.

சரவணன் மாமா: எலக்‌ஷன்னா அப்படித்தானுங்க மச்சா. ஆளாளுக்குத் துப்பாக்கியோட சுத்துனா பூத்துக்கு ஆரு வருவா?

பழனிச்சாமி பெரியப்பா: லைசென்ஸ் வெச்சவன் வரிசையில நின்னு குடுத்துட்டு வாறான். நாட்டுத்துப்பாக்கி வெச்சிருக்கறவன் எவன் கொண்டுபோய்க் குடுத்தான்?

கவிதா: எல்லாருமே குடுக்கோணும்னு இல்லீங்க பெரியப்பா. கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கற கமிட்டி ஒவ்வொரு லைசென்ஸா பாக்கோணும். ஜாமீன்ல இருக்கறவங்க, கேஸ் இருக்கறவங்க, முந்தின தேர்தல்ல தகராறு பண்ணுனவங்க, இவங்கதான் முக்கியம். மொத்தமா எல்லாரையும் ஒப்படைக்கச் சொல்லக்கூடாதுன்னு மார்ச்லதான் அலகாபாத் ஐகோர்ட்டும் சொல்லுச்சு.

பழனிச்சாமி பெரியப்பா: வக்கீலு அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன கண்ணு?

கவிதா: அன்னைக்கு நீங்க மஞ்சள் ரேட்டு மட்டுந்தானுங்க போட்டீங்க 😄

செந்தில்: பேங்கு செக்யூரிட்டிக்கு விலக்கு, ரைபிள் போட்டிக்குப் போறவங்களுக்கு விலக்கு. பன்னி வர்ற காட்டுக்காரனுக்கு இல்ல.

சரவணன் மாமா: 2019 எலக்‌ஷன் முடிஞ்சு டிசம்பர்ல ஆயுதச் சட்டத்தையே மாத்துனாங்களே, ஞாபகமிருக்குதா? ஒருத்தருக்கு 3 துப்பாக்கிங்கறத 1 ஆக்கறேன்னு வந்தாங்க. பஞ்சாப்ல அப்ப முதல்வரா இருந்த அமரீந்தர் சிங் எல்லாம் எதிர்த்தப்புறம் 2ல நின்னுது. இந்தத் தடவை என்னவோ.

பழனிச்சாமி பெரியப்பா: நம்மகிட்ட இருக்கறதே அப்பாரு வாங்குன ஒத்தக்குழல் ஒண்ணு.

கவிதா: அதே சட்டத்துலதான் லைசென்ஸ் காலம் 3 வருசம் 5 வருசமாச்சுங்க. அடிக்கடி அலையறது கொறஞ்சுதுங்களே.

பிரபு (டெக்ஸாஸ்): இங்க 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசாயிருந்தா, கேஸ்கீஸ் இல்லைன்னா, லைசென்சே இல்லாம கைத்துப்பாக்கி வெச்சுட்டுப் போலாமுங்க பெரியப்பா. வந்துருங்க.

சரசு பெரியம்மா: அந்தப் பெருமை வேண்டாஞ்சாமி. துப்பாக்கியோட எவனாச்சும் வந்தா தப்பிக்கறதுக்குப் பள்ளிக்கூடத்துல லைட்ட அணைச்சுட்டு மூலையில ஒளிஞ்சு பழகறோம்னு உம்பையன் போன்ல சொன்னானே, அன்னைக்கெல்லாம் எனக்குத் தூக்கமில்ல.

பிரபு (டெக்ஸாஸ்): ஆமாங்க பெரிம்மா. வருசா வருசம் நடக்குது.

சரசு பெரியம்மா: ரசீது பஞ்சாங்கத்துக்குள்ள இருக்குது!

பழனிச்சாமி பெரியப்பா: செந்திலு, நாளைக்குக் காத்தால 10 மணிக்கு வண்டி எடு. தேங்காண்ணெயும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்க, குழல் துருப்புடிச்சிருக்கும்.

செந்தில்: சரிங்ப்பா. ஆனா ரசீதுக்குப் பின்னால ஆரோ பால் கணக்கு எழுதியிருக்குது. ரைட்டர் வாங்குவாருங்களா?