மணிலாவில் மேலாளரை "லோடி" என்று கூப்பிடலாமா?

பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோக் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மணிலாவுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் நாள் லிஃப்டில் ஒருவர் "பபபா பா?" என்று கேட்க, உள்ளே இருந்தவர் "பபபா" என்றார். என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். கீழே போகிறதா, போகிறது, அவ்வளவுதான்! ஸ்பானிஷில் 'உறுதி' என்றிருந்த சொல் இங்கே "சிகுரோ" ஆகி 'ஒருவேளை' என்று பொருள் தருவது தனிக் கொடுமை.

சரி, என் சிக்கல் தலைகீழ்ச் சொற்கள். ஐடல் (நாம் வியந்து போற்றும் ஆள்) என்பதை எழுத்தெழுத்தாகத் திருப்பினால் லோடி. 'கொடூரமான' என்று பொருள்படும் மலுபிட் என்ற சொல்லில் கடைசி அசை மட்டும் முன்னால் வந்து பெட்மாலு. பவர், வெர்பா. எதை எப்படித் திருப்புவது என்று விதி உண்டா, இல்லை காதுப் பழக்கம்தானா? அப்புறம், மேலாளரை லோடி என்றால் மகிழ்வாரா, முறைப்பாரா? வெள்ளிக்கிழமை அவருக்குப் பிறந்தநாள், வாழ்த்து அட்டையில் எழுத வேண்டும்.