பகாலா (அமீரகத்தின் சிறு மளிகைக் கடை) நினைவுகள்: விளம்பரக் கதைக்கு உங்கள் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். துபாயில் விளம்பரங்களுக்குக் கதை எழுதும் நான், இப்போது ஒரு சிப்ஸ் நிறுவனத்துக்காக நாற்பது விநாடிப் படம் ஒன்றை எழுதி வருகிறேன். சிப்ஸை நொறுக்கி, சீஸ் தடவிய பரோட்டாவுக்குள் வைத்துச் சுருட்டி, கரக் எனும் கெட்டிப் பால் தேநீருடன் உண்ணும் அமீரக வழக்கமும், ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாத நடுவில் ஹக் அல் லைலா கொண்டாட்டத்தன்று பிள்ளைகள் துணிப்பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடிச் சென்று இனிப்பும் கடலையும் பெறுவதும் கதையின் உயிர்.

சிக்கல் நிகழ்காலத்தில்தான் இருக்கிறது. ஒட்டகமும் பாலைவனமும் காட்டிப் பழமையை விற்க எனக்கு மனமில்லை; அரபியும் ஆங்கிலமும் கலந்து பேசும் இன்றைய அமீரகப் பெண், தன் பாட்டியின் நினைவைத் தனதாக்கிக்கொள்வது இயல்பாகத் தெரிய வேண்டும்.

1980, 1990களில் ஷார்ஜாவிலோ துபாயிலோ வளர்ந்தவர்களும், பகாலா நடத்திய குடும்பத்தினரும் அக்கடைகளின் அடுக்கு, ஒலி, மணம், கடன் கணக்கு எப்படி இருந்தன என்று எழுதுங்கள். அரபு நண்பர்கள் உள்ளவர்கள், இக்காட்சிகளில் எது அவர்களை நெருடும் என்று கேட்டுச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.